முதலில் வந்தவரா, முதலில் பதிந்தவரா?

ஒரே மனையின் பேரில் இரண்டு பேரிடம் கடன். கடனாளி கைவிரித்துவிட்டார். ஏலத்தில் வந்த பணம் ஒருவருக்குத்தான் காணும். யாருக்கு முதலில்?

சொத்து மாற்றுச் சட்டம் (1882), பிரிவு 48: காலத்தால் முந்தியவருக்கு. நியாயமாத்தான் படுது. ஆனால் எந்தக் கடிகாரத்தைப் பார்த்து முந்தி, பிந்தி என்று சொல்கிறோம்? சிக்கல் அங்கேதான்.

நம்ம பக்கம் அதிகம் புழங்குவது, அசல் பத்திரத்தை ஒப்படைத்து வைக்கும் அடமானம். சென்னை, மும்பை, கொல்கத்தா மூன்றையும் சட்டமே பெயர் சொல்லி அனுமதிக்கிறது. மற்ற ஊர்களை மாநில அரசு அறிவிக்கலாம். பத்திரம் எங்கே கைமாறுகிறது என்பதுதான் கணக்கு. மனை மாங்காட்டில் இருக்கலாம், பத்திரத்தைப் பாரிமுனையில் கொடுக்கலாம். கடனுக்கு ஈடாக என்ற எண்ணத்தோடு கொடுத்தாலே அடமானம் ஆகிவிடும், எழுத்துகூட வேண்டாம். நடந்து முடிந்ததைக் குறித்துவைக்கும் வெறும் தாளுக்குப் பதிவும் கட்டாயமில்லை.

தமிழ்நாட்டில் வங்கிகள் பெரும்பாலும் அந்தக் குறிப்பைப் பதிந்துவிடுகின்றன. பதியாமல் விட்டால் வில்லங்கச் சான்றில் ஒரு வரிகூட வராது. அப்படியிருந்தும், பதிவுச் சட்டம் (1908) பிரிவு 48-இன் விதிவிலக்குப்படி, பின்னால் பதிந்த அடமானப் பத்திரத்தைவிட இதுதான் முந்தி.

"அசல் பத்திரம் இல்லாம எவன் கடன் கொடுப்பான்? பத்திரம்தானே பூட்டு" என்பார்கள். 1929-இல் கல்கத்தா உயர்நீதிமன்றம் தீர்த்த லாயட்ஸ் வங்கி – குஸ்தார் வழக்கைப் பாருங்கள். நேஷனல் பேங்க் ஆஃப் இந்தியாவிடம் பத்திரம் ஈடாக இருந்தது. வாங்க வருபவருக்குக் காட்டணும் என்று கடனாளி அதைத் திரும்ப வாங்கி, லாயட்ஸில் வைத்துக் கடன் எடுத்தார். பிரிவு 78-இன்படி, பெரும் கவனக்குறைவுக்காக முதல் வங்கி பின்னால் தள்ளப்பட்டது. தீர்ப்பு சரிதான். ஆனால் பூட்டு திறந்துவிட்டது. அதை நிரூபிக்க நீதிமன்றம்வரை போகவேண்டியிருந்தது.

இதற்கு மருந்தாக 31 மார்ச் 2011-இல் வந்ததுதான் செர்சாய் என்ற மத்தியப் பதிவகம். சர்ஃபாசி சட்டத்தில் 2016-இல் சேர்த்து, 24 ஜனவரி 2020-இல் நடைமுறைக்கு வந்த பிரிவு 26டி, அங்கே பதியாதவர் அந்தச் சட்டத்தின்கீழ் சொத்தைக் கைப்பற்ற முடியாது என்கிறது. பதிந்தவரின் கடன், மற்ற எல்லாக் கடன்களுக்கும் அரசு வரிகளுக்கும் முந்தியது என்கிறது 26இ.

சரி, இரண்டு பேருமே பதிந்திருந்தால்? 26இ-யின் வாசகத்தில் அதற்குப் பதில் இல்லை. மறுபடி பழைய கடிகாரம்தான். மென்பொருள்காரன் பாஷையில்: லாக் ஃபைலில் இரண்டு வரியும் இருக்கு, வரிசையை மட்டும் வெளியே இருந்து எடுக்கிறோம்.

அமெரிக்க வணிகச் சட்டத் தொகுப்பின் 9-ஆம் பகுதி, அசையும் சொத்து ஈடுகளுக்கு இதை நேரடியாகவே சொல்கிறது. ஊரறியப் பதிவதோ, ஈட்டைச் சட்டப்படி முழுமையாக்குவதோ, இதில் எதையாவது முதலில் செய்தவருக்கு முன்னுரிமை. ஒப்பந்தத் தேதிக்கு அல்ல. 26இ-யிலும் ஒரு வரி சேர்த்தால் போதும்: பதிந்தவர்களுக்குள் பதிந்த நேரமே வரிசை. சிறிய கூட்டுறவுச் சங்கங்கள் தாமதமாகிவிடும் என்ற பயம் நியாயமானது; அதற்குச் சில நாள் அவகாசம் கொடுக்கலாம். தேடிப் பார்த்துவிட்டுக் கடன் கொடுத்தவரை, அவர் பார்க்கவே முடியாத ஒரு தேதி தோற்கடிக்கக்கூடாது.

அதுவரை, மனை வாங்குபவரும் வில்லங்கச் சான்றோடு நிற்காமல், கட்டணம் கட்டி செர்சாயிலும் தேடுங்கள். அசல் பத்திரத்தையும் கண்ணால் பாருங்கள். இதில் ஒன்று மட்டும் சுத்தமாக இருப்பது போதாது.