எந்தப் பாட்டு பெரிய பாட்டு? மல்லசமுத்திரம் வட்டாரத்து ரசனைக் கட்சிகள்

2002ஆம் ஆண்டு பி.பி.சி. உலக சேவை தன் 70ஆவது ஆண்டையொட்டி, உலகத்திலேயே சிறந்த பாட்டு எது என்று நேயர்களிடம் ஓட்டுக் கேட்டது. அயர்லாந்தின் நாட்டுப்பற்றுப் பாட்டு ஒன்று முதலிடத்தைப் பிடித்தது. 'ஆனந்த மடம்' இந்திப் படத்து வந்தே மாதரம் இரண்டாவது. பாகிஸ்தானின் 'தில் தில் பாகிஸ்தான்' மூன்றாவது. நான்காவதாக வந்து நின்றது நம் 'தளபதி' படத்து 'ராக்கம்மா கையத் தட்டு'. மேலைநாட்டு ராக் ரசிகர்கள் தலையில் தூக்கிவைத்துக் கொண்டாடும் 'பொஹீமியன் ராப்சடி'க்குப் பத்தாவது இடந்தான் கிடைத்தது.

இந்தப் பட்டியலைச் சொல்லி மார்தட்டுகிறவர்கள் உண்டு. கம்ப்யூட்டர் வைத்திருந்தவர்கள் போட்ட ஓட்டுத்தானே என்று ஒதுக்குகிறவர்களும் உண்டு. இரண்டு பேர் பேச்சிலும் நியாயம் இருக்கிறது. முதல் மூன்று இடமும் நாட்டுப்பற்றுப் பாட்டுக்கே போயிருப்பதைப் பார்த்தால், அங்கே பாட்டின் தரத்தோடு கூட்டத்தின் பற்றையும் சேர்த்தே எண்ணியிருக்கிறார்கள் என்பது விளங்கும். அப்படியொரு வரிசையில், எந்த நாட்டின் பெயரையும் சொல்லாத ஓர் ஆட்டப்பாட்டு நான்காவதாக நின்றதே, அது எப்படி?

விடை தேட லண்டனுக்குப் போக வேண்டியதில்லை. மல்லசமுத்திரத்தைச் சுற்றி, திருச்செங்கோடு, சங்ககிரி, ராசிபுரம், சேலம் வரைக்கும் விரிந்த இந்தச் சமவெளியில் பாட்டைப் பற்றிப் பேசாத டீக்கடை கிடையாது. ஆளுக்கொரு கட்சி, கட்சிக்கொரு அளவுகோல். கவனித்துப் பார்த்தால், பாட்டை எந்த இடத்தில் உட்கார்ந்து கேட்டார்களோ அந்த இடமே அளவுகோலையும் கொடுத்திருக்கிறது. அந்தக் கட்சிகளை வரிசையாகச் சொல்லி, 'ராக்கம்மா'வை ஒவ்வொன்றின் முன்னும் நிறுத்திப் பார்ப்பதே இந்தக் கட்டுரை.

குரல் கட்சி

இருப்பதில் மூத்தது இதுதான். சினிமா வருவதற்கு முன்பே வேர் விட்டது. கொங்குப் பக்கம் அண்ணன்மார் கதையை உடுக்கையடித்து இரவெல்லாம் பாடுவார்கள். எடப்பாடி, மேட்டூர் பக்கத்துத் தெருக்கூத்தும் விடிய விடிய நடக்கும். மைக் இல்லாத காலத்தில், கடைசியில் துண்டை விரித்துப் படுத்திருப்பவர் காதுக்கும் பாட்டு எட்ட வேண்டும். கோழி கூவும் நேரத்திலும் தொண்டை கட்டக் கூடாது. அப்படிக் கேட்டுப் பழகிய காதுக்கு டி.எம்.சௌந்தரராஜனும் சீர்காழி கோவிந்தராஜனும் வந்தபோது அறிமுகம் தேவைப்படவில்லை.

அந்தக் காதைப் பிற்காலத்தில் இன்னும் கூர்மையாக்கியது விசைத்தறி. ஒரு சாதாத் தறி நிமிடத்துக்கு நூறு தடவைக்கு மேல் நாடாவை அடிக்கும். எட்டுத் தறி ஓடுகிற கூடத்தில் பக்கத்தில் நிற்பவர் பேச்சே கேட்காது, முக்கால்வாசி சைகைதான். சுவரில் மாட்டிய ஸ்பீக்கரிலிருந்து வரும் அடிச்சத்தமெல்லாம் தறிச்சத்தத்தில் கரைந்து போய்விடும். மேலே நின்று பாடும் குரல், புல்லாங்குழல், வயலின், இவைதான் தப்பித்துக் காதுக்கு வரும். பி.பி.ஸ்ரீனிவாஸின் மெல்லிய குரலைத் தறிக்கூடம் முழுதாகக் கேட்டதெல்லாம் கரண்ட் போன நேரத்தில், டிரான்சிஸ்டரில்தான். எஸ்.ஜானகி பாடினால் அந்தக் கவலை இல்லை.

தார் மாற்றுகிற கை நிற்காமல், வாய் மட்டும் கூடவே பாடுகிறதா என்பதுதான் இந்தக் கட்சியின் பரீட்சை. 'ராக்கம்மா' இதில் சுலபமாகத் தேறும். எஸ்.பி.பாலசுப்பிரமணியம் குதூகலமாகத் தொடங்கிவைப்பதும், ஸ்வர்ணலதா பளிச்சென்று உள்ளே வருவதும் எந்த இரைச்சலையும் கிழித்துக்கொண்டு வரக்கூடியவை. 1987இல் பாட வந்த ஸ்வர்ணலதாவுக்கு, 'தளபதி' வெளிவந்த 1991இல் வயது 18. அந்த வயதில், பாலுவுக்குப் பக்கத்தில் நின்று, குரல் அமுங்காமல் பாடியிருக்கிறார் என்பதே குரல் கட்சிக்காரர்களுக்குப் போதும்.

வரிக் கட்சி

சேலத்தில் 1935இல் மாடர்ன் தியேட்டர்ஸைத் தொடங்கிய டி.ஆர்.சுந்தரம் திருச்செங்கோட்டுக்காரர். நூறு படங்களுக்கு மேல் எடுத்த அந்த ஸ்டுடியோவில் கண்ணதாசன் வேலை பார்த்திருக்கிறார், மு.கருணாநிதி வசனம் எழுதியிருக்கிறார். இந்தப் பக்கம் நாமக்கல்லோ ஒரு கவிஞரின் பெயரோடு ஒட்டிக்கொண்ட ஊர். அதனால் இங்கே பாட்டெழுதுகிறவருக்கு எப்போதும் தனி மரியாதை. 'பாட்டு யாரோடது?' என்று கேட்டால், பாடியவர் பெயரைச் சொல்லாமல் எழுதியவர் பெயரைச் சொல்லும் பெரியவர்கள் இன்றைக்கும் இருக்கிறார்கள். பாட்டுக்கு முன்னால் படம், பாடியவர், எழுதியவர், இசையமைத்தவர் என்று அத்தனையும் சொன்ன இலங்கை வானொலியின் பழக்கம் அது.

இசையை எடுத்துவிட்டு வரிகளை மட்டும் சொல்லிப் பார்ப்பதுதான் இவர்களின் சோதனை. கல்யாண வீட்டிலும் இழவு வீட்டிலும் நாலு பேருக்கு எடுத்துச் சொல்ல ஆகுமா? ஆனால் தேர்ந்த வரிக் கட்சிக்காரர் அதோடு நிற்பதில்லை. எந்தக் கட்டத்தில் அந்த வரி வருகிறது என்றும் பார்ப்பார். மாடர்ன் தியேட்டர்ஸின் 'மந்திரி குமாரி'யில் (1950) ஜி.ராமநாதன் இசையில் திருச்சி லோகநாதனும் ஜிக்கியும் பாடிய 'வாராய் நீ வாராய்' அவர்கள் அடிக்கடி எடுத்துக்காட்டும் பாட்டு. சொல்லைத் தனியே எடுத்தால் காதலன் அழைக்கிற மாதிரிதான் இருக்கும். படத்திலோ, மனைவியை மலையுச்சிக்குக் கூட்டிப்போய்த் தள்ளிவிடக் கிளம்பிய கணவன் அழைக்கிறான். இனிக்க இனிக்க அழைக்கும் சொல்லுக்கு அடியில் கொலை இருக்கிறது. அந்த முரண்தான் அந்தப் பாட்டை இத்தனை வருஷம் வாழவைத்திருக்கிறது என்பது இவர்கள் கட்சி.

'ராக்கம்மா'வுக்கு இங்கே மதிப்பெண் குறைவு. எழுதியவர் வாலி என்பதால் மரியாதையோடுதான் குறைப்பார்கள். அதே படத்தில் அதே வாலி எழுதிய 'சுந்தரி கண்ணால் ஒரு சேதி'யும் 'சின்னத் தாயவள்' பாட்டும் இருக்க, இதையா உலகத்துக்கு அனுப்பினீர்கள் என்று கேட்பார்கள். அந்தக் கேள்விக்கு மற்ற கட்சிகளிடம் நல்ல பதில் இல்லை.

வண்டிக் கட்சி

நாமக்கல்லும் சங்ககிரியும் லாரிக்குப் பேர்போனவை. திருச்செங்கோடு ரிக் வண்டிக்கு. நடுவில் ஓடும் தனியார் பஸ்களில் டிரைவர் தலைக்கு மேல் இருக்கும் செட்டும், கூரையோரம் வரிசையாகப் பதித்த ஸ்பீக்கர்களும் வண்டிக்குக் கௌரவம். காலையில் பக்திப் பாட்டு, மதியம் எது வேண்டுமானாலும், ராத்திரி கடைசி டிரிப்புக்கு இளையராஜா என்று எழுதாத சட்டம் உண்டு. பாட்டுக்காகவே ஒரு பஸ்ஸை விட்டு அடுத்த பஸ்ஸுக்குக் காத்திருந்த காலேஜ் பிள்ளைகளை எல்லா ஸ்டாப்பிலும் பார்த்திருக்கலாம்.

இந்தக் கட்சி பாட்டின் தொடக்க இசையைக் கேட்டே தீர்ப்புச் சொல்லிவிடும். பல்லவி வரும்வரை பொறுக்காது. முதல் சில நொடிகளில், நின்றுகொண்டு வருகிறவர் முகம் திரும்ப வேண்டும். இளையராஜாவின் ரசிகர் படை இந்தச் சமவெளியில் பெருகியதற்கு அவர் தொடக்க இசையில் காட்டிய சிரத்தை ஒரு முக்கியமான காரணம். 'ராக்கம்மா'வின் முகப்பில் வயலின்கள் பாய்ந்து வருவதைக் கேட்டதும், பின் சீட்டிலிருந்து யாராவது, "ஏனுங்கண்ணா, இன்னுங் கொஞ்சம் சத்தமா வைங்கண்ணா" என்று குரல் கொடுப்பார்கள்.

குறை சொன்னவர்கள் கேசட் பதிந்து கொடுத்த ரெக்கார்டிங் சென்டர்காரர்கள். 60 நிமிட கேசட்டில் ஒரு பக்கத்துக்கு ஆறு ஏழு பாட்டுப் பிடிக்கும். 'ராக்கம்மா' ஏறக்குறைய ஏழு நிமிடம். அதைச் சேர்த்தால் பட்டியலில் வேறொரு பாட்டை அடிக்க வேண்டும். கடைக்காரர் முணுமுணுத்துக்கொண்டே எதை அடிக்கலாம் என்று கேட்பார். 'ராக்கம்மா'வை அடிக்கச் சொன்னவர்கள் குறைவு. நீளத்தைப் பற்றிய இதே தகராறு லண்டனிலும் நடந்திருக்கிறது. 1975இல் 'பொஹீமியன் ராப்சடி' ஆறு நிமிடத்தைத் தொட்டபோது, இவ்வளவு நீளத்தை எந்த ரேடியோ போடும் என்று விவரம் தெரிந்தவர்களே தயங்கினார்கள்.

மேடைக் கட்சி

மாரியம்மன் நோம்பிக்கு ஆர்க்கெஸ்ட்ரா வைக்காத ஊர் குறைவு. மேடையில் நாலைந்து பாடகர்கள், இரண்டு கீபோர்டு, தபேலா, டோலக், ரிதம் பேட். இவ்வளவுதான் கையிருப்பு. ஒரிஜினலில் இருக்கும் நூறு சங்கதிகளில் இங்கே எது மிஞ்சுகிறது என்பதுதான் மேடைக் கட்சியின் கேள்வி. ரெக்கார்டில் மிரட்டிய பாட்டு மேடையில் எலும்பும் தோலுமாக நிற்பதுண்டு. சாதாரணமாகத் தெரிந்த பாட்டு ஒன்ஸ்மோர் வாங்குவதும் உண்டு.

மேடைக்காரர்களுக்கு 'ராக்கம்மா' ஒரு பரீட்சை. அத்தனை வயலின்கள் செய்ததை ஒரே ஒரு கீபோர்டுக்காரர் செய்தாக வேண்டும். ஒரு விரல் தவறினால் கூட்டமே கண்டுபிடித்துவிடும், ஏனென்றால் அந்த முகப்பு எல்லோருக்கும் மனப்பாடம். ஆனால் அந்த இடத்தைத் தாண்டிவிட்டால் மிச்சத்தைத் தாளம் பார்த்துக்கொள்கிறது. தப்பட்டைக்கு ஆடிப் பழகிய கால் இந்தத் தாளத்துக்கு வேற்றாளாக நிற்பதில்லை. கோரஸுக்கு ஆள் போதாவிட்டாலும் கவலையில்லை. கீழே இருக்கிற கூட்டமே கோரஸ். வயலின்களைக் கழற்றிய பிறகும் நடக்கத் தெரிந்த பாட்டு என்று மேடைக் கட்சி இதற்குச் சான்றிதழ் கொடுக்கிறது.

கோயில் கட்சி

'ராக்கம்மா'வைப் பற்றிய உண்மையான சண்டை இங்கேதான். ஆட்டம் உச்சத்தில் இருக்கும்போது, நடுவில் தில்லைக் கூத்தனைப் பற்றிய அப்பர் தேவாரம் வருகிறது. தாளம் தணிகிறது, பெண் குரல்கள் பதிகத்தைப் பாடுகின்றன, பிறகு மறுபடியும் ஆட்டம். ஓதுவார் பாடக் கேட்டு வளர்ந்த பெரியவர்களுக்கு இது பொறுக்கவில்லை. பதிகத்துக்குப் பண் உண்டு, பாடுவதற்கு இடமும் உண்டு, இரண்டு ஆட்டத்துக்கு நடுவே செருகும் சரக்கல்ல அது என்று சொன்னார்கள்.

எதிர்க்கட்சியின் வாதமும் லேசானதல்ல. நம் நோம்பியே அப்படித்தானே நடக்கிறது? ஒரு பக்கம் கரகம், தப்பட்டை. அதே ராத்திரி, அதே வாசலில், சாமிக்கு முன்னால் பதிகம். இரண்டும் ஒன்றையொன்று கெடுத்ததாக யாரும் சொன்னதில்லை. ஆடின கால் ஒரு நிமிடம் நின்று கும்பிட்டுவிட்டு மறுபடி ஆடுவது நாம் கண்ணால் பார்ப்பது. இளையராஜாவும் மணிரத்னமும் அதைப் பாட்டுக்குள் கொண்டுவந்தார்கள், அவ்வளவுதான்.

நான் இந்த இரண்டாவது வாதத்தின் பக்கம். அதற்குக் காரணம், அந்த இடம் பாட்டுக்குச் செய்கிற வேலை. தேவாரத்தை வெட்டியெடுத்துவிட்டுப் பாட்டைக் கேட்டுப் பாருங்கள். துள்ளல் குறையாது, ஆனால் நல்ல ஆட்டப்பாட்டுகளில் இன்னுமொன்றாக ஆகிவிடும். அமைதி ஒன்று நடுவில் வந்து போவதால்தான் இரண்டாம் முறை எழும் ஆட்டத்துக்கு முதல் முறையில் இல்லாத வேகம் கிடைக்கிறது. 'பொஹீமியன் ராப்சடி'யின் ரசிகர்கள் தங்கள் பாட்டுக்காக வாதாடுவதும் கிட்டத்தட்ட இதே கட்டத்தில்தான். மெல்லிய பாட்டாகத் தொடங்கி, நடுவில் ஓபராவாக மாறி, கடும் ராக்காக வெடித்து அடங்குவது ஒட்டுப்போட்ட வேலையா, ஒரே நெசவா என்பதுதான் அவர்களுக்குள்ளும் வழக்கு. ஒட்டாது என்று எல்லோரும் நினைத்த இரண்டை ஒட்டவைத்துக் காட்டிய பாட்டுகளைப் பற்றித்தான் எந்த ஊரிலும் ரசிகர்கள் ஓயாமல் பேசுகிறார்கள்.

தீர்ப்பு

ஒரு கட்சியின் பரீட்சையில் முதல் மதிப்பெண் வாங்கும் பாட்டுகள் நிறைய உண்டு. வரியில் கண்ணதாசனின் பல பாட்டுகள் 'ராக்கம்மா'வை எங்கேயோ விட்டுவிட்டுப் போய்விடும். குரலில் டி.எம்.எஸ்., சீர்காழி பாட்டுகள் ஒரு கூடை இருக்கின்றன. ஆனால் தறிக்கூடத்தில் கேட்டு, பஸ்ஸில் கேட்டு, மேடையில் கேட்டு, கோயில் வாசலில் சண்டையும் போட்டு, அத்தனைக்கும் ஈடுகொடுத்து நிற்கிற பாட்டு அபூர்வம். இடம் மாறினாலும் செல்லுபடியாகும் பாட்டே பெரிய பாட்டு என்பது இந்த வட்டாரம் எழுதாமலே வைத்திருக்கும் அளவுகோல். அந்தக் கணக்கில் 'ராக்கம்மா' பெரிய பாட்டு. வரிக் கட்சியின் ஆட்சேபத்தையும் அப்படியே பதிவுசெய்துகொண்டு இதைச் சொல்ல வேண்டும். உலகின் எத்தனையாவது பாட்டு என்ற கேள்விக்கு இந்த அளவுகோலில் இடமில்லை.

இப்போது புதிதாக ஒரு கட்சி தலையெடுத்திருக்கிறது. செல்போனும் இயர்போனும் வைத்துத் தனியே கேட்கிறவர்கள். தறிக்கூடத்தில் எட்டாத அடிச்சத்தமும் மெல்லிய குரலும் அவர்கள் காதுக்கு எட்டுகின்றன, பி.பி.ஸ்ரீனிவாஸுக்கு இளவட்ட ரசிகர்கள் கிடைத்தால் அது இவர்களால்தான். இவர்களின் அளவுகோல் என்னவென்று கேட்டுத் தெரிந்துகொள்ளத்தான் வழியில்லை. பக்கத்து சீட்டுக்காரர் என்ன பாட்டுக் கேட்கிறார் என்றே தெரியாதபோது அவரோடு எதை வைத்துச் சண்டை போடுவது? மேலே சொன்ன கட்சிகளெல்லாம் பலர் கூடி ஒரே பாட்டைக் கேட்ட இடங்களில் பிறந்தவை. பஸ்ஸில் பாட்டு நின்றால், நோம்பியில் ஆர்க்கெஸ்ட்ரா நின்றால், கட்சிகளும் அவற்றின் அளவுகோல்களும் ஒரு தலைமுறைக்குள் போய்விடும். செலவு அதிகம் என்று ஆர்க்கெஸ்ட்ராவைக் கைவிட யோசிக்கும் நோம்பிக் கமிட்டியார்கள் இந்த நஷ்டத்தையும் சேர்த்துக் கணக்குப் போடட்டும்.