தெய்வ முகம் இல்லாத வெள்ளி

ரோமானியரின் வெள்ளிக் காசான தெனாரியஸில் தெய்வங்களுக்குப் பஞ்சமே இல்லை. கி.மு. 211 வாக்கில் அது புழக்கத்துக்கு வந்தபோதே ஒரு பக்கம் தலைக்கவசம் அணிந்த ரோமா தேவி, மறுபக்கம் குதிரையேறிப் பாயும் இரட்டைத் தெய்வங்கள். பிறகு ஜூபிடர், வீனஸ், வெஸ்டா என்று பலரும் வந்தார்கள். என்னைக் கேட்டால், தெய்வ முகமே இல்லாத சில காசுகளில்தான் அவர்களின் சமயம் துலக்கமாகத் தெரிகிறது.

கி.மு. 49இல் உள்நாட்டுப் போர் மூண்ட வேளையில் ஜூலியஸ் சீசர் வெளியிட்ட காசைப் பாருங்கள். நாலு கிராமுக்குச் சற்றுக் குறைந்த எடை. குறுக்களவு இரண்டு சென்டிமீட்டர்கூட இருக்காது. முன்பக்கத்து யானையைப் பற்றி எவ்வளவோ எழுதிவிட்டார்கள். காசைத் திருப்புங்கள். நம் பூசைக்கூடத்து உத்தரணியை நினைவூட்டும், நீண்ட காம்புள்ள ஒரு அகப்பை, புனித நீர் தெளிக்கும் குச்சம், பலிக் கோடரி, பூசாரி அணியும் கூர்முனைத் தொப்பி. இவ்வளவுதான். எழுத்து ஒன்றுகூட இல்லை.

செனட் சபை அவரைப் பகைவராக அறிவித்திருந்த நேரம் அது. கி.மு. 63 முதல் அவர் வகித்த தலைமைப் பூசாரிப் பதவியை யாராலும் மறுக்க முடியாது. அந்த உரிமையை நான்கு பூசைப் பொருள்களால் சொல்லி நிறுத்திக்கொண்ட துணிச்சல் என்னை ஒவ்வொரு முறையும் அசத்துகிறது. பொருள்களைச் சுற்றி அச்சு வெட்டியவர் விட்டிருக்கும் வெற்றிடம் இருக்கிறதே, அதுதான் அழகு! சடங்கைப் பிசகாமல் செய்வதையே பக்தியாகக் கொண்ட சமூகத்துக்கு இதைவிடப் பொருத்தமான படம் வேண்டுமா?

அந்த அகப்பை நம் ஊருக்கும் வந்தது. அகஸ்டஸ் தம் பேரப்பிள்ளைகள் கயஸ், லூசியஸ் இருவருக்காக லுக்டுனத்தில், அதாவது இன்றைய லியோனில், அடித்த காசுகள் கொங்கு நாட்டுப் புதையல்களில் ஏராளம். இரு இளைஞர்கள், நடுவே கேடயங்கள், ஈட்டிகள். அவற்றுக்கு மேலே கயஸின் பூசாரிப் பதவிக்கு அகப்பை. லூசியஸின் நிமித்தம் பார்க்கும் பதவிக்கு நுனி சுருண்ட கோல்.

சீசர் காசின் நிதானம் இதில் இல்லை, நெரிசல் அதிகம். ஆனால் அந்தக் கோலின் சுருளை மட்டும் உருப்பெருக்கியில் பார்த்துவிடுங்கள், கை தேர்ந்த வேலை. அச்சுக்கு அச்சு அகப்பையும் கோலும் இடம் மாறியிருக்கும். அதை வைத்தே சேகரிப்பாளர்கள் வகை பிரிக்கிறார்கள்.