ஓராண்டு ஊழியமும் ஒரு நாவலும்: கிங்சோல்வரின் ‘பொய்சன்வூட் பைபிள்’ பற்றிய ஒரு நோக்கு

மிசனரிமாரைப் பற்றி எழுதப்படும்பொழுது இருவகை மனோபாவங்களே பெரும்பாலும் மேலோங்கி நிற்கின்றன. அவர்களைத் தியாகத்தின் திருவுருவங்களாகப் போற்றுவது ஒன்று. குடியேற்றவாதத்தின் ஏவலாளர்களாகத் தூற்றுவது மற்றையது. பள்ளிக்கூடத்தையும் அச்சுக்கூடத்தையும் மதமாற்றத்தையும் ஒரே கையிலிருந்து பெற்றுக்கொண்ட நம்மவர் மத்தியிலும் இவ்விரு குரல்களும் இன்னும் ஓய்ந்தபாடில்லை. இவ்விரண்டுக்கும் அப்பால் நின்று, ஊழியத்துக்குச் செல்பவன் யாருக்காகச் செல்கிறான் எனும் வினாவை எழுப்பும் படைப்புகள் சிலவே. அமெரிக்க நாவலாசிரியை பார்பரா கிங்சோல்வர் 1998 ஆம் ஆண்டு வெளியிட்ட ‘பொய்சன்வூட் பைபிள்’ அவற்றுள் ஒன்று. ‘நச்சுமர வேதாகமம்’ என அப்பெயரைத் தமிழாக்கலாம்.

நாவலின் கதை 1959 ஆம் ஆண்டு தொடங்குகிறது. அமெரிக்காவின் யோர்ஜியா மாநிலத்தைச் சேர்ந்த பப்டிஸ்ற் போதகரான நேதன் பிரைஸ், மனைவி ஓர்லியானாவுடனும் நான்கு பெண் பிள்ளைகளுடனும் பெல்ஜிய கொங்கோவின் கிலங்கா எனும் கிராமத்துக்கு ஓராண்டு ஊழியத்துக்காகச் செல்கிறார். விமானத்தில் ஆளுக்கு 44 இறாத்தல் பொருள்களே கொண்டுசெல்லலாம் என்பதால், கேக் மாப் பொதிகளையும் பாத்திரங்களையும் உடைகளுக்குள்ளே மறைத்துக் கட்டிக்கொண்டு அவர்கள் பயணமாகின்றனர். தம் வீட்டை உடலிலே சுமந்துகொண்டு அந்நிய நாட்டில் இறங்கும் இக்குடும்பத்தின் தோற்றம் நகைப்புக்குரியது. ஆயின் பின்னர் நிகழவிருக்கும் யாவற்றுக்கும் அதுவே முன்னறிவிப்பு. கதையைச் சொல்பவர்கள் ஓர்லியானாவும் புதல்வியர் நால்வருமே. ஓயாது பிரசங்கம் செய்யும் நேதனுக்குக் கதைசொல்லும் உரிமை வழங்கப்படவில்லை. பேசுவதையே தொழிலாகக் கொண்டவனைப் பேசவிடாது, அவன் பேச்சைக் கேட்டு வாழ நேர்ந்தவர்களைப் பேசவைக்கும் இவ்வுத்தி, நாவலின் கருத்தோடு இயைந்து நிற்கிறது.

கேட்கத் தெரியாமையே நேதனின் அடிப்படைக் குறை. இதனை ஆசிரியை விவாதங்களால் அன்றி நிகழ்ச்சிகளால் நிறுவுகிறார். தாம் கொண்டுவந்த போஞ்சி முதலிய விதைகளை நேதன் சமதரையில் விதைக்கிறார். வீட்டுவேலைக்கு உதவும் மாமா ததாபா எனும் பெண், மண்ணை மேடாகக் குவித்து நடவேண்டும் என்கிறாள். அவர் செவிசாய்க்கவில்லை. அவளே இரவில் மண்ணைக் குவித்துவிட, அவர் மறுநாள் அதனைச் சமப்படுத்துகிறார். பெருமழை விதைகளை அடித்துச் சென்ற பின்னரே மேட்டுப் பாத்தி அமைக்கிறார். செடிகள் செழிக்கின்றன, பூக்கவும் செய்கின்றன, காய்க்கவில்லை. அந்தப் பூக்களில் மகரந்தச் சேர்க்கை செய்யும் பூச்சிகள் அம்மண்ணில் இல்லை. நல்ல விதை எங்கும் விளையும் என நம்பியவருக்கு, விளைச்சல் விதையில் மாத்திரம் இல்லை என்பதை நிலமே கற்பிக்கிறது. அவர் கற்றுக்கொள்ள மறுக்கிறார்.

ஞானஸ்நானம் பற்றிய பகுதியும் இத்தகையதே. பப்டிஸ்ற் மரபினர் குழந்தைகளுக்கு ஞானஸ்நானம் கொடுப்பதில்லை; விசுவாசத்தை அறிக்கையிட்டவரை நீரில் முழுவதுமாக அமிழ்த்துவதே அவர்தம் வழக்கம். கிராமத்துப் பிள்ளைகளை ஆற்றில் அமிழ்த்த நேதன் வற்புறுத்துகிறார். கிராமத்தார் அஞ்சி விலகுகின்றனர். அந்த ஆற்றில் முதலையொன்று ஒரு சிறுமியைக் கொன்றமையே காரணம் என்பது அவருக்கு மிகப் பிந்தியே தெரியவருகிறது. அவர் பாவத்திலிருந்து மீட்சி என்று சொன்னதை, மக்கள் தம் பிள்ளைகளை முதலைக்கு இரையாக்கும் அழைப்பாக விளங்கிக்கொண்டனர்.

மொழி பற்றிய நிகழ்ச்சியே இவ்வரிசையின் உச்சம் எனலாம். ‘பங்காலா’ எனும் சொல் உச்சரிப்பு வேறுபாட்டினால் ‘அருமையானது’ என்றும், தொட்டவர் உடலைத் தடிக்கச்செய்யும் நச்சுமரம் என்றும் பொருள்படும். இயேசு அருமையானவர் என்று கூறக் கருதும் நேதன், இயேசு நச்சுமரம் என்றே வாரந்தோறும் முழங்குகிறார். அம்மரத்தைத் தொட்டுத் தாமே துன்புற்ற பின்னரும் அவர் உச்சரிப்பைத் திருத்திக்கொள்ளவில்லை. நாவலின் பெயர் இங்கிருந்தே பிறக்கிறது.

இச்செவிட்டுத்தன்மைக்கு ஆசிரியை காட்டும் காரணம் ஆழ்ந்து நோக்கற்பாலது. இரண்டாம் உலகப் போரிலே பிலிப்பைன்ஸ் நாட்டில் நேதன் காயமுற்று அப்புறப்படுத்தப்படுகிறார். அவருடைய படைப்பிரிவினர் 1942 ஆம் ஆண்டின் பற்றான் மரண அணிவகுப்பில் சிக்கி மடிகின்றனர். தாம் மாத்திரம் உயிர்தப்பியமை கோழைத்தனம் எனும் உறுத்தல் அவரை விட்டு அகலவில்லை. எனவே கிலங்காவின் ஆன்மாக்களைக் காப்பதாகக் கூறிக்கொண்டு அவர் உண்மையில் தீர்க்க முயல்வது தம் சொந்தக் கணக்கையே. 1960 யூன் 30 இல் கொங்கோ விடுதலை பெறும் வேளையில், நாட்டை விட்டு வெளியேறுமாறு மிசன் சார்பானவர்கள் அறிவுறுத்தியும் அவர் மறுப்பது இதனாலேயே. அவரது பிடிவாதத்துக்கு விலையாகக் கடைசி மகள் ரூத் மே பாம்பு தீண்டி இறக்கிறாள். தாய் எஞ்சிய பிள்ளைகளுடன் நடந்தே வெளியேறுகிறாள்.

இந்நாவலை அமெரிக்க வல்லாதிக்கத்தின் உருவகமாக வாசிப்போர் பலர். அதற்கு இடமுண்டு. ரூத் மே இறக்கும் நாளும் பிரதமர் பத்திரிஸ் லுமும்பா கொல்லப்பட்ட நாளும் ஒன்றாகவே அமைக்கப்பட்டுள்ளன: 1961 சனவரி 17. லுமும்பாவைக் கொல்ல அமெரிக்க உளவுத்துறை தீட்டிய திட்டத்தை 1975 ஆம் ஆண்டு அமெரிக்கச் செனற் சபையின் விசாரணைக் குழுவே வெளிப்படுத்தியது. இயேசுவை ஏற்பதா என்று கிராமத் தலைவன் ஆலயத்திலேயே வாக்கெடுப்பு நடத்தி, 11 க்கு 56 என இயேசுவைத் தோற்கடிக்கும் காட்சியும் அரசியற் கூர்மை உடையது. சனநாயகத்தைப் போதித்த நாட்டவன் தனக்கு ஒவ்வாத முடிவு வந்ததும் அதனை ஏற்க மறுக்கும் நிலையை அது முன்னறிவிக்கிறது. எனினும் உருவகமாக மாத்திரம் கொள்வோமாயின் நேதன் எனும் மனிதன் மறைந்து ஓர் அரசின் பதாகையே எஞ்சும். போஞ்சிச் செடியும் ‘பங்காலா’வும் நம் மனத்தில் நிலைப்பது அவை வல்லாதிக்கத்தைக் குறிப்பதனால் அன்று, ஒரு மனிதனின் அகந்தை நாளாந்த வாழ்விலே எவ்வாறு தொழிற்படுகிறது என்பதைக் காட்டுவதனாலேயே.

ஊழியத்தின் காலம் குறுகியது என்பதுதான் குறையா? நாவல் அவ்வாறு கூறவில்லை. ஓராண்டுக்கென வந்த நேதன் கொங்கோவிலேயே இருந்து அங்கேயே மடிகிறார். இறுதிவரை அவர் எதனையும் கற்கவில்லை. அவருக்கு முன் அங்கிருந்த பவுல்ஸ் என்பாரோ மக்களோடு கலந்து, அவர்களுடைய மொழியையும் இயற்கையையும் கற்று, அந்நாட்டுப் பெண்ணையே மணந்தவர். மிசன் அவரை விலக்கிவிட்டது. வரலாறும் இதற்குச் சான்று பகரும். பிரித்தானிய பப்டிஸ்ற் மிசனரியான ஹோல்மன் பென்ற்லி, கொங்கோவைச் சேர்ந்த நிலெம்வோ என்பவரின் துணையுடன் உழைத்து, 1887 இல் கொங்கோ மொழியின் அகராதியையும் இலக்கணத்தையும் வெளியிட்டார். 1812 இல் கொழும்புக்கு வந்த பப்டிஸ்ற் மிசனரி ஜேம்ஸ் சேற்றர் 1815 இலேயே சிங்கள இலக்கணம் ஒன்றை எழுதினார். இவர்களும் மதமாற்றத்தையே நாடி வந்தவர்கள். ஆயினும் போதிக்கும் முன் மாணவராக அமர்ந்தனர். நேதனிடம் இல்லாதது இந்த மாணவத்தன்மையே.

நாவலின் சிறப்பு இதுவாயின், அதன் குறையும் இவ்விடத்திலேயே தோன்றுகிறது. கேளாச் செவியைக் கண்டிக்கும் இந்நூலில் கதைசொல்வோர் ஐவரும் அமெரிக்க வெள்ளையரே. நேதனின் பிரசங்கங்களை மொழிபெயர்க்கும் ஆசிரியர் அனற்றோல் அறிவும் கண்ணியமும் மிக்க பாத்திரம். எனினும் அவரை நாம் லேயாவின் காதல் விழிகளினூடாகவே காண்கிறோம். கிங்சோல்வர் சிறுவயதிலே பெற்றோருடன் கொங்கோவில் சிறிது காலம் வாழ்ந்தவர். எழுதிய காலத்தில் அந்நாட்டுக்குள் செல்ல அவருக்கு இயலவில்லை. தமக்குத் தெரியாத குரலைத் தாம் புனையாமை நேர்மையே என்று அவர் சார்பில் வாதிடலாம். அவ்வாதத்தில் உண்மை உண்டு.

ஆனால் மற்றொரு விடுபாட்டை இவ்வாதம் ஈடுசெய்யாது. 1915 இல் பப்டிஸ்ற் மிசனில் ஞானஸ்நானம் பெற்ற சைமன் கிம்பாங்கு எனும் கொங்கோ நாட்டவர், 1921 இல் தாமே போதிக்கத் தொடங்கினார். மக்கள் திரளாகக் கூடினர். பெல்ஜிய ஆட்சி அஞ்சி அவரைச் சிறையிலிட்டது. 1951 இல் சிறையிலேயே அவர் இறந்தார். அவர் வழிவந்த திருச்சபையோ தடைகளைக் கடந்து வளர்ந்து, 1969 இல் உலகத் திருச்சபைகள் மன்றத்தில் இணைந்தது. அந்நிய விதை அம்மண்ணில் காய்க்கவே இல்லை எனும் போஞ்சிச் செடியின் படிமம் இவ்வரலாற்றின் முன் நிற்க முடியாததாகிறது. கொங்கோ மக்கள் கிறித்தவத்தை ஏற்கவோ மறுக்கவோ மாத்திரம் செய்யவில்லை. தமக்குரியதாக மாற்றியும் கொண்டனர். இந்த ஆற்றல் நாவலின் மையத்துக்கு வருவதில்லை. மக்கள் நேதனை வெல்கின்றனர். ஆனால் அவர்தம் சொந்தச் சமய வாழ்வு நமக்கு வெளியிலிருந்தே காட்டப்படுகிறது. பிற்பகுதியில் பாத்திரங்கள் தம் அரசியலைக் கட்டுரைபோல் உரைப்பதும் முற்பகுதியின் உயிர்ப்பைக் குறைக்கிறது.

இக்குறைகள் இருப்பினும் இந்நாவலின் வினா பழமைப்பட்டுவிடவில்லை. இன்று அமெரிக்கத் திருச்சபைகள் பலவற்றிலிருந்து இளைஞர் குழுக்கள் விடுமுறைக் காலத்தில் ஓரிரு வாரங்களுக்கு அந்நிய நாடுகளுக்குச் செல்கின்றன. சுவர் எழுப்புகின்றன, வர்ணம் பூசுகின்றன, சாட்சி பகர்கின்றன, திரும்புகின்றன. அவர்களின் நல்லெண்ணத்தை ஐயுறவேண்டியதில்லை. நேதனிடமும் நம்பிக்கைக்குக் குறைவிருக்கவில்லை. அப்பயணம் சென்றவரின் ஆன்ம நிறைவுக்காகவா, அங்கிருப்பவரின் தேவைக்காகவா என்பதை அளக்க ஓர் எளிய அளவுகோலை இந்நாவல் நமக்குத் தருகிறது: அவர்கள் அங்கே எத்தனை பேருக்குப் போதித்தார்கள் என்பதை விடுத்து, எவரிடம் எதைக் கற்றார்கள் என்று கேட்பதே அது. அந்த அளவுகோலை நாவலின் மீதே வைத்துப் பார்க்கும்போது அது முழுமையாகத் தேறவில்லை. ஆயினும் தன்னையும் அளப்பதற்குரிய கோலைத் தானே வாசகரின் கையில் தருவது சிறிய இலக்கியப் பணி அன்று.