முந்நூறு கிலோமீட்டர் தள்ளி ஒரு நகல்

கும்பகோணத்தைத் தலைமையிடமாகக் கொண்ட சிட்டி யூனியன் வங்கி 1904-இல் தொடங்கியது. டெல்டா விவசாயி குறுவைச் செலவுக்கு நகையை அடகு வைத்தால், அந்தக் காலத்தில் கிளையின் பேரேட்டில் பதிவாகும். எல்லாக் கிளைகளையும் ஒரே கணினி அமைப்பில் இணைக்கும் கோர் பேங்கிங் வந்தபின் அந்தப் பதிவு எங்கோ ஒரு தரவு மையத்தில், சான் எனப்படும் சேமிப்பக வலையமைப்பின் வட்டுகளில் ஏறுகிறது. வெள்ளமோ தீயோ அந்த மையத்தை முடக்கினாலும் கணக்கு பிழைக்க, வேறு ஊரில் ஒரு நகல் வேண்டும். அதற்காக வாங்கும் சான் நீட்டிப்பு ரவுட்டர்கள் பணத்துக்குத் தகுந்தவைதானா?

சானின் மொழியான ஃபைபர் சேனல், பெரும்பாலும் குறுகிய தூரங்களில் ஓடுவது. எதிர்முனை அனுமதி தந்த அளவுக்குத்தான் பிரேம்கள் எனும் தரவுப் பொட்டலங்களை அனுப்பும். கும்பகோணத்துக்கும் சென்னைக்கும் இடையில் கேபிள் 300 கி.மீ. என்று வைத்துக்கொள்வோம். கண்ணாடி இழையில் ஒளி போய்த் திரும்பவே 3 மில்லி விநாடி ஆகும். 8 ஜிகாபிட் லைன் சும்மா கிடக்காமலிருக்க, சுமார் 1,100 பிரேம்களுக்கு முன் அனுமதி வேண்டும். சாதாரண சுவிட்சுகள் பலவற்றில் ஒரு போர்ட்டுக்கு இது கிடைக்காது. எஃப்சிஐபி ரவுட்டர் எனப்படும் நீட்டிப்பு ரவுட்டர் அந்த அனுமதியை உள்ளூரிலேயே முடித்துக்கொண்டு, பிரேம்களை டிசிபி வழியே அனுப்புகிறது. பதிலுக்குக் காத்திராமல் அனுப்பக்கூடிய அளவான டிசிபி விண்டோவைப் பழைய 64 கிலோபைட்டிலேயே விட்டால், 1 ஜிகாபிட் லைனில் ஐந்தில் ஒரு பங்குகூட நிரம்பாது. விண்டோவை ரவுட்டர் பெரிதாக்கித் தருவது முதல் நன்மை.

இரண்டாவது, ரைட் ஆக்சலரேஷன். வழக்கமாக ஒரு பதிவுக்கு இரண்டு முறை போய்வர வேண்டும்: 'எழுதலாமா' என்று கேட்க ஒரு முறை, தரவை அனுப்பி முடிந்ததா என்றறிய மறுமுறை. 'எழுதலாம்' என்ற பதிலை அருகிலுள்ள ரவுட்டரே தந்துவிடுவதால் 6 மில்லி விநாடி 3 ஆகிறது. 'எழுதியாயிற்று' என்ற கடைசிப் பதில் மட்டும் தொலைவிலுள்ள வட்டிலிருந்துதான் வரும். எனவே இது ஆபத்தில்லாத குறுக்குவழி. டேப்பில் எடுக்கும் பேக்கப்புக்கான டேப் ஆக்சலரேஷன் அப்படியல்ல. டேப்பில் ஏறுமுன்பே 'எழுதியாயிற்று' என்கிறது. இடையில் லைன் அறுந்தால் பேக்கப்பை மறுபடி ஓட்ட வேண்டிவரலாம்.

மூன்றாவது பலம் அதிகம் பேசப்படாதது. இரு ஊர் வலைகளையும் ஒன்றாக்காமல், தேவையான வட்டுகளை மட்டும் ரவுட்டர் இணைக்கிறது. லைன் அடிக்கடி விழுந்து எழுந்தாலும் உள்ளூர் வலை கலங்காது. என்னைக் கேட்டால், வேகத்தைவிட இதற்குத்தான் காசு கொடுக்கலாம்.

குறைகளும் சிறியவையல்ல. இரு முனையிலும் பெரும்பாலும் ஒரே நிறுவனத்தின் பெட்டிதான் வேண்டும். ஏற்கெனவே மறையாக்கம் செய்த தரவு சுருங்காது. ஆகவே கம்ப்ரஷன் கணக்கை விளம்பரத் தாளைப் பார்த்து நம்பக் கூடாது. 2018 நவம்பர் 16 அன்று வேதாரண்யம் அருகே கரை கடந்த கஜா புயலில், டெல்டாவின் பல ஊர்களில் நாள்கணக்கில் மின்சாரமும் செல்பேசித் தொடர்பும் இல்லை. காப்புக்கு இரண்டாவது லைன் வைத்தாலும், இரண்டும் ஒரே பாதையில் போனால் எந்த ரவுட்டரும் உதவாது.

எல்லாவற்றிலும் பெரிய குறை, நல்லது கெட்டது பாராமல் நகலெடுப்பது. அதே 2018-இல் சிட்டி யூனியன் வங்கியில், வங்கிகளுக்கிடையே பணமாற்றச் செய்திகளை அனுப்பும் ஸ்விஃப்ட் அமைப்பில் ஊடுருவியவர்கள் மூன்று மோசடிப் பணமாற்ற உத்தரவுகளை அனுப்பினார்கள். மோசடிப் பதிவோ ரான்சம்வேர் பூட்டிய கோப்போ, ரவுட்டருக்கு எல்லாம் ஒரே பிரேம்தான். அதே வேகத்தில் அடுத்த ஊருக்கும் போய்ச் சேரும்.

ஆகவே ரவுட்டரை வாங்குங்கள். அதையே பேக்கப் என்று நினைத்துவிடாதீர்கள். யாரும் மாற்ற முடியாத பழைய நகல் ஒன்றைத் தனியே வையுங்கள். ஆண்டுக்கு ஒரு முழு வேலைநாளாவது அந்த அடுத்த ஊர் நகலிலிருந்தே வங்கியை நடத்திப் பாருங்கள்.