ஆறு மீட்டருக்குச் சற்றே குறைவு

1935இல் அமெரிக்காவில் செவ்ரோலே நிறுவனம் சபர்பனை அறிமுகப்படுத்தியபோது, பெரிய குடும்ப வண்டிகளின் பின்பாதி பெரும்பாலும் மரத்தால் ஆனது. சபர்பனோ லாரிச் சட்டகத்தின் மேல் முழு எஃகு உடல். எட்டுப் பேர் உட்காரலாம். இருக்கைகளைக் கழற்றினால் சரக்கு வண்டி. அந்தப் பெயர் இன்றுவரை விற்பனையில் இருக்கிறது.

1967இல் வந்த மாதிரி விசித்திரமானது: ஓட்டுநர் பக்கம் ஒரே கதவு, மறுபக்கம் இரண்டு. நான்கு கதவுகள் 1973இல்தான் வந்தன.

2021 மாதிரியின் நீளம் ஏறத்தாழ 5.7 மீட்டர். பக்கவாட்டில் பார்த்தால் அலங்காரம் அதிகமில்லை. நீண்ட கூரை, நேராக இறங்கும் பின்புறம், பெரிய கண்ணாடிகள். அந்த நேர்கோடுகள்தான் அதன் அழகு. கூரையைச் சரித்திருந்தால் மூன்றாம் வரிசையில் தலை இடிக்கும்.

அந்த மாதிரியில் பின்சக்கரங்களுக்குத் தனித்தனி சஸ்பென்ஷன் வந்தது. குறுக்கே கிடந்த கனத்த அச்சு போனதால் தளம் தாழ்ந்தது. மூன்றாம் வரிசையில் பெரியவர்களும் கால் நீட்டி உட்காரலாம். மூன்று வரிசையும் நிரம்பிய பிறகும் பின்னால் 1,170 லிட்டர் அளவுக்கு இடம் மிஞ்சும். ஏழெட்டுப் பேர் பெட்டிகளோடு நெடும்பயணம் போக இதுவல்லவா வண்டி! நெருக்கடியான நகரத்தில் நிறுத்த இடம் தேடுவதுதான் பெரும்பாடு.