சராசரி கண்டாயிற்று, பிறகு?

95.2, 100, 100, 90.07. இந்த நான்கு எண்களைச் சற்று உற்றுப் பாருங்கள். 2019 முதல் 2022 வரை தமிழ்நாட்டில் பத்தாம் வகுப்பில் தேர்ச்சி பெற்றோரின் சதவீதம் இவை. இவற்றுக்குக் கூட்டுச் சராசரி காணச் சொன்னால் உயர்நிலைப் பள்ளி மாணவர் எவரும் கூட்டி, நான்கால் வகுத்து, 96.32 என்று எழுதிவிடுவார். வரைபடமும் பிழையின்றி வரைவார். ஆனால், 'இதிலிருந்து என்ன தெரிந்துகொண்டாய்?' என்று கேட்டுப் பாருங்கள். 'கல்வித்தரம் 2020-இல் உயர்ந்தது. 2022-இல் சரிந்தது' என்ற விடை வந்தால் வியப்பதற்கில்லை. வரைபடத்தின் கோடு அப்படித்தான் ஏறி இறங்குகிறது.

உண்மை என்ன? கொரோனாப் பெருந்தொற்றின் காரணமாக 2020-இலும் 2021-இலும் பத்தாம் வகுப்புப் பொதுத்தேர்வு நடைபெறவே இல்லை. அனைவரும் தேர்ச்சி பெற்றதாக அரசு அறிவித்தது. ஆகவே அந்த இரண்டு 100-களும் அளந்து பெற்ற எண்கள் அல்ல. ஆணையால் வந்த எண்கள். மற்ற இரண்டும் தேர்வு வைத்து அளந்தவை. இருவகை எண்களையும் ஒரே கோட்டில் இணைத்து வரைந்ததும் தவறு. கூட்டி வகுத்ததும் தவறு. 96.32 என்ற விடையில் கணக்குப் பிழை ஏதும் இல்லை. ஆனாலும் அதற்குப் பொருள் இல்லை!

நம் பள்ளிகளில் புள்ளியியல் கற்பிக்கப்படும் முறையில் உள்ள அடிப்படைக் குறை இதுவே. எண்ணைக் கண்டுபிடிக்கக் கற்பிக்கிறோம். எண்ணிடம் கேள்வி கேட்கக் கற்பிப்பதில்லை.

நான்கு வழி, ஒரே விடை

2019-ஆம் ஆண்டு வெளிவந்த பத்தாம் வகுப்புக் கணக்குப் புத்தகத்தை எடுத்துக்கொள்வோம். அதன் கடைசி இயல் 'புள்ளியியலும் நிகழ்தகவும்'. கடைசி இயல் என்றாலே ஆண்டு இறுதியின் அவசரம் அதன்மேல் விழுவது இயல்பு. அந்த இயலில் திட்டவிலக்கம் காண நேரடி முறை, கூட்டுச் சராசரி முறை, ஊகச் சராசரி முறை, படிவிலக்க முறை என நான்கு முறைகள் உள்ளன. நான்கும் ஒரே விடையைத்தான் தரும். கையால் பெருக்கிக் கூட்டும் சுமையைக் குறைப்பதற்காக ஏற்பட்ட குறுக்கு வழிகள் இவை. கணிப்பொறி இல்லாத காலத்தில் இவற்றுக்குப் பெரும் பயன் இருந்தது. இன்று அதே வேலையைக் கைபேசி ஒரு நொடியில் செய்துவிடுகிறது. ஆனால், வந்த விடையைக் கொண்டு என்ன முடிவு செய்வது என்பதை எந்தக் கைபேசியும் மாணவருக்காகச் சிந்தித்துத் தந்துவிட முடியாது. நேரத்தை எதற்குச் செலவிட வேண்டும் என்பதை நீங்களே சொல்லுங்கள்.

ஒன்றை ஒப்புக்கொள்ள வேண்டும். மாறுபாட்டுக் கெழுவைப் பற்றிய பகுதியில், 'எது அதிக நிலைத்தன்மை உடையது?' என்ற வகைக் கேள்விகள் உண்டு. முடிவு காணச் சொல்லும் கேள்விகள்தாம் இவை. எனினும், குறைந்த கெழு உடையது எதுவோ அதுவே விடை என்ற சூத்திரத்தை மனப்பாடம் செய்தவருக்கு இதிலும் சிந்திக்க இடமில்லை.

ஓர் எடுத்துக்காட்டு காண்போம். ஒரு குழுவில் ஐந்து மாணவர்கள் பெற்ற மதிப்பெண்கள் 48, 49, 50, 51, 52. மற்றொரு குழுவில் 10, 30, 50, 70, 90. இரண்டுக்கும் சராசரி 50. திட்டவிலக்கம் முதல் குழுவுக்கு ஏறத்தாழ 1.4, இரண்டாவதற்கு 28.3. பாடம் இங்கே முடிந்துவிடுகிறது. ஆனால் உண்மையான பாடம் இங்கேதான் தொடங்க வேண்டும். தேர்ச்சிக்கு 35 மதிப்பெண் வேண்டுமென்றால், முதல் குழுவில் அனைவரும் தேர்ச்சி. இரண்டாவதில் இருவர் தோல்வி. ஓர் ஆசிரியருக்கு மாலையில் ஒரு மணி நேரம்தான் கூடுதலாகக் கிடைக்கிறது என்றால், அவர் எந்தக் குழுவுக்கு, யாருக்கு, எதைச் சொல்லித்தர வேண்டும்? 28.3 என்ற எண் இந்தக் கேள்வியை எழுப்புவதற்குத்தான் பயன்பட வேண்டும்.

பானையைக் கிளறினார்களா?

முதற்கேள்வி: எண் எங்கிருந்து வந்தது? 'ஒரு பானை சோற்றுக்கு ஒரு சோறு பதம்' என்கிறோம். மாதிரி எடுத்தல் என்ற கலையின் சாரமே இதுதான். ஆனால் பானை முழுதும் ஒரே சீராக வெந்திருந்தால்தான் இந்தப் பழமொழி செல்லும். அடியில் குழைந்து, மேலே அரிசியாக நிற்கும் பானையில் ஒரு சோற்றை எடுத்து என்ன பயன்?

1936-இல் அமெரிக்கக் குடியரசுத் தலைவர் தேர்தலுக்கு முன்னால், 'லிட்டரரி டைஜஸ்ட்' என்ற இதழ் ஒரு கோடிப் பேருக்கு வாக்குச்சீட்டு மாதிரிகளை அனுப்பியது. 23 லட்சத்துக்கும் மேற்பட்டோர் பதில் அனுப்பினர். லாண்டன் வெல்வார் என்று இதழ் கூறியது. ஆனால் 48 மாநிலங்களில் 46-ஐ ரூஸ்வெல்ட் வென்றார். பெயர்கள் பெரும்பாலும் தொலைபேசிப் பட்டியல், கார்ப் பதிவு ஆகியவற்றிலிருந்து எடுக்கப்பட்டிருந்தன. பெரும் பொருளாதார மந்தம் நிலவிய அக்காலத்தில் இவை வசதியுள்ளோரின் பட்டியல்கள். அத்துடன், பதில் எழுத முன்வந்தவர்கள் ஒரு பகுதியினரே. ஏறத்தாழ 50,000 பேரை மட்டும் கேட்ட ஜார்ஜ் கேலப், ரூஸ்வெல்ட்டே வெல்வார் என்று சரியாகச் சொன்னார். கிளறாத பானையில் அகப்பை நிறைய அள்ளினாலும் பதம் தெரியாது.

தெரு ஒன்று, குழாய் இரண்டு

இரண்டாவது கேள்வி: எதை எதனோடு ஒப்பிடுகிறோம்? இதற்கு லண்டன் மருத்துவர் ஜான் ஸ்நோவின் ஆய்வைவிடச் சிறந்த பாடம் கிடைப்பது அரிது. 1854-இல் லண்டனில் காலரா பரவியது. கெட்ட காற்றே காரணம் என்பது அன்று பலரின் நம்பிக்கை. தண்ணீரே காரணம் என்று ஸ்நோ கருதினார்.

தென் லண்டனில் இரண்டு கம்பெனிகள் குடிநீர் வழங்கின. சவுத்வார்க்–வாக்ஸால் கம்பெனி, நகரின் சாக்கடை கலந்த பகுதியில் தேம்ஸ் நதி நீரை எடுத்தது. லாம்பெத் கம்பெனி 1852-இல் தன் நீரெடுக்கும் இடத்தை நதியின் மேற்பகுதிக்கு, நகரக் கழிவு சேராத இடத்துக்கு, மாற்றிக்கொண்டது. தொற்றின் முதல் ஏழு வாரங்களில் முதல் கம்பெனி நீர் பெற்ற 40,046 வீடுகளில் 1,263 சாவுகள். இரண்டாவது கம்பெனி நீர் பெற்ற 26,107 வீடுகளில் 98 சாவுகள்.

வீடுகளின் எண்ணிக்கை சமமில்லை. ஆகவே சாவுகளை நேராக ஒப்பிடக் கூடாது. 10,000 வீடுகளுக்கு எத்தனை என்று கணக்கிட்டால், முதலாவதில் 315, இரண்டாவதில் 37. எட்டு மடங்குக்கும் அதிகம்! இதுவரை செய்தது ஆறாம் வகுப்பு வகுத்தல் கணக்குத்தான். அறிவியல் இனிமேல்தான் வருகிறது. முதல் கம்பெனியின் நீரைக் குடித்தவர்கள் ஏழைகளாக இருந்திருக்கலாமே? அவர்கள் தெருக் காற்று மோசமாக இருந்திருக்கலாமே? ஸ்நோ இதற்கும் விடை வைத்திருந்தார். இரண்டு கம்பெனிகளின் குழாய்களும் ஒரே தெருக்களில் சென்றன. அடுத்தடுத்த வீடுகளில் வெவ்வேறு கம்பெனியின் நீர். செல்வரும் ஏழையும் இரண்டிலும் இருந்தனர். காற்று ஒன்று, தெரு ஒன்று. மாறுபட்டது தண்ணீர் மட்டுமே. அதனால்தான் அவருடைய முடிவு நிற்கிறது.

அந்த முடிவின் எல்லையையும் மாணவர் காண வேண்டும். 'தண்ணீரில் ஏதோ இருக்கிறது' என்பதை அட்டவணை காட்டியது. அது என்ன என்பதைக் காட்டவில்லை. ராபர்ட் காக் 1884-இல் கல்கத்தாவில் காலராக் கிருமியை ஆராய்ந்து நிறுவ, மேலும் 30 ஆண்டுகள் ஆயின.

கூட்டினால் ஒன்று, பிரித்தால் வேறு

மூன்றாவது கேள்வி: எண்ணுக்குள் வேறு எண்கள் ஒளிந்திருக்கின்றனவா? 1973-இல் கலிபோர்னியாவின் பெர்க்லி பல்கலைக்கழகத்தில் மேற்பட்டப் படிப்புக்கு 8,442 ஆண்களும் 4,321 பெண்களும் விண்ணப்பித்தனர். ஆண்களில் 44 சதவீதத்தினருக்கும், பெண்களில் 35 சதவீதத்தினருக்கும் இடம் கிடைத்தது. பெண்களுக்கு அநீதி இழைக்கப்பட்டது என்று முடிவு கட்டிவிடத் தோன்றுகிறதல்லவா? பீட்டர் பிக்கலும் அவருடைய துணைவர்களும் துறை வாரியாகப் பிரித்துப் பார்த்து, 1975-இல் முடிவை வெளியிட்டனர். ஒரு பெரிய துறையில் ஆண்களில் 62 சதவீதமும் பெண்களில் 82 சதவீதமும் இடம் பெற்றிருந்தனர். மற்றொன்றில் ஆண்கள் 6, பெண்கள் 7 சதவீதம். பெரும்பாலான துறைகளில் பெண்களுக்கு எதிரான பாகுபாடு தென்படவில்லை. முதல் வகைத் துறைக்கு ஆண்கள் பெருமளவில் விண்ணப்பித்தனர். இடம் கிடைப்பது அரிதான துறைகளுக்குப் பெண்கள் அதிகமாக விண்ணப்பித்தனர். மொத்தத்தில் வேறுபாடு தோன்றியதன் காரணம் இதுவே. பெண்கள் ஏன் அத்துறைகளை நாடினர் என்பது இன்னொரு கேள்வி. அதற்கு விடை இந்த அட்டவணையில் இல்லை.

நேரம் எங்கே?

'பாடத்தை முடிக்கவே நேரம் போதவில்லை. முடிவு எழுதச் சொன்னால் மதிப்பெண் எப்படிப் போடுவது?' என்று ஆசிரியர்கள் கேட்கலாம். நியாயமான கேள்விதான். நான்கு முறைகளில் இரண்டைக் குறைத்தாலே சில வகுப்பு வேளைகள் மிஞ்சும். மதிப்பெண்ணுக்கும் வழி உண்டு. அட்டவணை ஒன்றைக் கொடுத்து மூன்று வாக்கியங்கள் எழுதச் சொல்லலாம். இந்த எண்கள் எதைக் காட்டுகின்றன? எதைக் காட்டவில்லை? உறுதியாகச் சொல்ல இன்னும் என்ன தெரிய வேண்டும்? வாக்கியத்துக்கு ஒரு மதிப்பெண். சூத்திரம் எழுதியதற்கு ஒரு மதிப்பெண் தருவதைவிட இது கடினமானதன்று.

செலவில்லாத ஒரு சோதனையும் உண்டு. 40 மாணவர்கள் உள்ள வகுப்பில் ஒவ்வொருவரும் ஒரு ரூபாய் நாணயத்தைப் பத்து முறை சுண்டட்டும். ஏறத்தாழ ஏழு பேருக்கு, ஏழோ அதற்கு மேலோ தலை விழும். அவர்கள் நாணயம் சுண்டுவதில் வல்லவர்களா? இல்லை. அதே நாணயத்தை நூறு முறை சுண்டினால், எழுபதோ அதற்கு மேலோ தலை விழும் வாய்ப்பு லட்சத்தில் நான்கு மட்டுமே. எண்ணிக்கை சிறிதானால் தற்செயலின் ஆட்டம் பெரிது.

இதைக் கையால் செய்து பார்த்த மாணவர், பத்துப் பேர் தேர்வெழுதி அனைவரும் தேறிய பள்ளியையும், 300 பேர் எழுதி 285 பேர் தேறிய பள்ளியையும் தர வரிசைப்படுத்தத் தயங்குவார். முதல் பள்ளியில் ஒரே ஒரு மாணவர் காய்ச்சலில் படுத்தாலும் 100 என்பது 90 ஆகிவிடும். அந்தச் சதவீதத்தைக் காட்டி ஓர் ஆசிரியரைப் புகழ்வதும், மற்றொருவரிடம் விளக்கம் கேட்பதும் எவ்வளவு பொருத்தமற்றவை என்பதும் அவருக்குப் புரியும்.

இன்றைய மாணவர் நாளை வாக்களிப்பார், மருந்து வாங்குவார், விதையும் உரமும் தேர்ந்தெடுப்பார், பிள்ளைக்குப் பள்ளி தேடுவார். ஒவ்வொரு இடத்திலும் யாராவது ஒருவர் சதவீதத்தை நீட்டுவார். அப்போது படிவிலக்க முறை நினைவில் இருக்கப்போவதில்லை. இருக்க வேண்டிய அவசியமும் இல்லை. 'யாரைக் கேட்டீர்கள்? எத்தனை பேரை? எதனோடு ஒப்பிட்டீர்கள்? பிரித்துப் பார்த்தீர்களா?' என்ற கேள்விகள் மட்டும் நாவில் வந்தால் போதும்.

உங்கள் வீட்டில் பத்தாம் வகுப்பு மாணவர் இருந்தால், நாளைய செய்தித்தாளில் வரும் ஓர் அட்டவணையை அவரிடம் கொடுத்து அந்த மூன்று வாக்கியங்களை எழுதச் சொல்லுங்கள். நீங்களும் தனியாக எழுதுங்கள். பிறகு இரண்டையும் ஒப்பிட்டுப் பாருங்கள்.