200 மில்லிவோல்ட்

வள்ளல் அழகப்பர் தந்த 300 ஏக்கரில் எழுந்து, 1953இல் திறக்கப்பட்டது காரைக்குடி 'சிக்ரி', அதாவது மத்திய மின்வேதியியல் ஆய்வகம். அரிப்பு, மின்கலம் இரண்டும் அதன் அன்றாட விஷயங்கள். கான்கிரீட்டுக்குள் கம்பி துருப்பிடிக்கிறதா என்று அறிய, மீட்டரின் ஒரு முனையைக் கம்பியிலும் மறுமுனையை ஒப்பீட்டு மின்முனையிலும் இணைத்து மில்லிவோல்ட் பார்ப்பது வழக்கம். தனியொரு முனைக்கு அங்கே அளவே கிடையாது. இரண்டுக்கும் உள்ள வித்தியாசம்தான் சேதி.

மேக்ஸ்485 சிப் என் மனத்தைக் கவர்ந்ததும் இதே குணத்தால்தான். புளியங்கொட்டை அளவு, எட்டே கால்கள். கருவிக்கும் கணினிக்கும் நடுவே தரவை பிட் பிட்டாக வரிசையில் கொண்டுபோவது அதன் தொழில். பழைய ஆர்எஸ்-232 முறையில் ஒவ்வொரு சிக்னலையும் கிரவுண்டோடு ஒப்பிட்டே படிக்க வேண்டும். வயர் நீண்டாலோ, பக்கத்தில் மோட்டார் ஓடினாலோ தடுமாறும். மேக்ஸ்485 பின்பற்றும், 1983இல் வந்த ஆர்எஸ்-485 தரமோ ஏ, பி என்ற முறுக்கிய இரு வயர்களை எடுத்துக்கொண்டது. ஏ ஏறினால் பி இறங்கும். வெளி இரைச்சல் இரண்டின் மீதும் ஏறக்குறைய ஒரே அளவில் விழுவதால், கழித்தால் காணாமல் போகும். மிஞ்சும் வித்தியாசம் 200 மில்லிவோல்ட் இருந்தாலே ஒன்றா, பூஜ்யமா என்று தெரிந்துவிடும். வேகத்தைக் குறைத்துக்கொண்டால் 1,200 மீட்டர் வரை போகலாம். ஒரே ஜோடி வயரில் 32 கருவிகள் பேசலாம்.

இந்தச் சிப்பின் சிக்கனம் இன்னும் அழகு. முந்தைய 75176 சிப், சும்மா இருக்கும்போதே பத்துக்கணக்கான மில்லியாம்பியர் குடிக்கும். மேக்ஸ்485க்கு ஏறக்குறைய 0.3 போதும். அனுப்பும் முறை வரும்போது மட்டும் 'டிஇ' கால் உயர வேண்டும். மற்ற நேரமெல்லாம் லைனைப் பிறருக்கு விட்டுவிட்டுக் கேட்டுக்கொண்டிருக்கும். அந்தக் காலைச் சீக்கிரம் இறக்கினால் கடைசி எழுத்து அறுபடும். தாமதித்தால் எதிர்முனையின் பதிலோடு மோதும். இந்த நேரக்கணக்கில்தான் புரோகிராம் எழுதுபவரின் கைத்திறன் தெரியும்.

அழகப்பா பொறியியல் கல்லூரி மாணவர்களுக்கு ஒன்று சொல்வேன். ஆசிலோஸ்கோப்பின் ஒரு சேனலில் ஏ, இன்னொன்றில் பி போடுங்கள். இரண்டும் இரைச்சலில் நடுங்கும். ஒன்றிலிருந்து மற்றதைக் கழிக்கச் சொல்லுங்கள். படிக்கட்டு போட்டதுபோல் பிட்டுகள் எழுந்து நிற்கும். லைனின் கோடியில் உள்ள 120 ஓம் ரெசிஸ்டரைக் கழற்றினால் அந்தப் படிகளின் ஓரம் சிலும்பும். திரும்ப மாட்டினால் அடங்கும். இரைச்சலுக்கு மேல் கத்துவதற்கு மின்சாரம் வேண்டும். எதைக் கழிப்பது என்று தெரிந்துவிட்டால் 200 மில்லிவோல்ட் வித்தியாசமே தாராளம்.